வாசல் இல்லாத சட்டை

“…அதெல்லாம் கெடக்கட்டுமுங்க. இதுக்கு வாசல் எங்கீங்க? மனுசனை உள்ள உட்டிருக்கீங்களே, எந்த வழியா உட்டீங்க?”

சீக்குப்பாறை மேல் உச்சி வெயிலில் நின்றுகொண்டு படக்காரர் கேட்டார். அவர் காலடியில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; சரிந்து கிடந்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே கறுப்பு ரெக்ஸின். முகமூடியும் அதிலேயே சேர்த்தி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு நேரே ஊசித் துளைகள், அவ்வளவுதான். உள்ளேயிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது. கூடவே நாற்றம். பசையும் ரப்பரும் வேர்வையும் வாந்தியும் ஒன்றாக வெயிலில் வெந்தால் வருகிற நாற்றம். டீ கேனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

பதில் சொன்னவர் சின்ன முதலாளி. தெற்கே படக்கதைப் புத்தகம் போடுகிற கம்பெனிக்காரரின் மகன். “வாசல்லாம் இல்லேண்ணே. முதுகுல தெச்சு ஒட்டியாச்சு. இன்னும் ரெண்டே போட்டோதான், மேகம் வந்திரும். மூஞ்சில தண்ணி தெளிச்சா எந்திரிச்சிருவாரு. அவசரப்பட்டு இதுல கத்திரியை வெச்சீங்கன்னா, சொல்லிட்டேன், கம்பளிக்காரன் இனிமே உங்களுக்கு இல்ல.”

கம்பளிக்காரன் என்பது படக்காரர் பல வருஷமாக வரைந்து வந்த சாகசக்காரன். புத்தகத்தில் அவனுக்கு வேறு ஏதோ பெரிய பெயர் இருந்தது. எங்கள் மலையில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. படக்காரருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எல்லாம் அவன்தான்.

அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாவிட்டால், செய்ததன் கனம் தெரியாது.

செம்மேட்டில் பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு டீக்கடை. தொண்ணூத்தேழு வாக்கில் அவர் மலையேறி வந்தார். நெஞ்சில் இழுப்பு, மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னார்களாம். மலை மேலேயே, குண்டூர் நாடு என்று நாங்கள் சொல்கிற ஊர்க்கூட்டத்துப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வரைந்த தாள்களை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். நான் நாமக்கல் பஸ் கண்டக்டரிடம் ஏற்றிவிட வேண்டும். பஸ் வருகிற வரைக்கும் கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். அவருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அஞ்சாவது. மிச்சப் படிப்பெல்லாம் அந்தக் கட்டுகளில்தான்.

அவருக்கு அருவருப்பு என்பது பசி மாதிரி. நேரா நேரத்துக்கு வரும். ஆனால் நாம் அருவருக்கிற எதையும் அவர் அருவருக்கமாட்டார். சாக்கடை ஓரத்தில் நின்று வடை தின்பார். மாட்டுச் சாணியை மிதித்தால் கல்லில் தேய்த்துவிட்டு நடப்பார். அவருக்குக் குமட்டுவது துணி. கழுத்தை இறுக்குகிற காலர், கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிற ரவிக்கை, குனியமுடியாத கால்சட்டை. கண்டால் முகம் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி ஆகிவிடும். அதிலும் அடுத்தவர் வரைந்த சாகசக்காரன் படம் எதையாவது தெரியாமல் கையில் எடுத்துவிட்டால் போச்சு. தாளைக் கவிழ்த்து வைப்பார். “அம்மிணி, சோப்பு” என்பார். கடைக்கு முன்னால் இருக்கிற தண்ணீர் டிரம்மில் மொண்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொடுவார். அவருக்கென்றே ஒரு சோப்பை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

“சட்டைங்கிறது ஊடு மாதிரி அம்மிணி. நுழையறதுக்கு வழி இருக்கோணும், ஆபத்துன்னா ஓடறதுக்கும் வழி இருக்கோணும். வாசல் இல்லாத ஊட்டுக்கு என்ன பேரு? சமாதி.”

இப்படித்தான் பேசுவார். இன்னொன்றும் சொல்வார்: “பொத்தான் போடாம வரையறவன் பொய் வரையறவன்.” அவருடைய படங்களில் வில்லனுக்குக் கூடப் பொத்தான் இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஒன்று அறுந்திருக்கும்.

அவர் வேலை செய்கிற விதம் ஊருக்கே வேடிக்கை. ஒரு வேஷத்தை யோசித்தால் முதலில் தாளில் வரையமாட்டார். சோளக்காட்டுச் சந்தைக்குச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு டைலர் பாய் மெஷினோடு வருவார். அவரிடம் போய், இருக்கிறதிலேயே மட்டமான துணியில் அதைத் தைக்கச் சொல்வார். தைத்ததைத் தானே போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைப்பார், பலா மரம் ஏறுவார், குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழுவார், பஸ் ஏறுவார். எங்கெங்கே பிடிக்கிறது, எங்கெங்கே கிழிகிறது என்று பார்த்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். ஐம்பது வயசு ஆள், ஒட்டடைக்குச்சி உடம்பு, ஊதா நிறத்தில் இறுக்கமாக ஒன்றைப் போட்டுக்கொண்டு இடுப்பில் தங்கக் கலர் வார் கட்டி வந்தால் எப்படி இருக்கும்? தெரு நாய் குரைக்கக்கூட மறந்து நிற்கும்.

ஒருநாள் அந்த ஊதாவோடு பஸ்ஸில் ஏறியிருக்கிறார். முன் சீட்டில் திண்ணனூர் நாட்டு அம்மாள் ஒருத்தி, நோய் தீர்ந்தவர்கள் வேஷம் போட்டு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறதை நிறையப் பார்த்தவள். எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டாளாம். “எந்தக் கோயிலுக்கு வேண்டுதலுங்க சாமி?”

“இன்னும் முடிவாகலீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். உட்கார்ந்ததும் பின்னால் தையல் விட்டது. அந்த அம்மாள் தன் மடியிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாளாம். அந்த ஊதா வேஷத்துக்குரிய வில்லனுக்கு அதற்கப்புறம் கால்சட்டை தொளதொளவென்று ஆனது. “மக்கள் தீர்ப்பு அம்மிணி” என்றார்.

கம்பளி வந்த கதையும் இதே ரகம். முதலில் அவனுக்குச் சிவப்புப் பட்டில் ஒரு முதுகுத் துணிதான். மலைக்கு வந்த முதல் மார்கழியில், என் கடை பெஞ்சில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார். ஒரு விவசாயி கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, தொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, இரண்டு கையிலும் அன்னாசிக் கட்டோடு பனிக்குள்ளிருந்து வந்தார். படக்காரர் எழுந்து போய், முன்பின் தெரியாத மனுசனின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இடைவெளியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். அந்த ஆள் என்னைப் பார்த்து, “ஏனுங்க, இவருக்குச் சொகமில்லீங்களா?” என்றார்.

அடுத்த புத்தகத்தில் பட்டு போய்க் கம்பளி வந்தது. முடிச்சுக்கும் தொண்டைக்கும் நடுவே எப்போதும் இரண்டு விரல் சந்து. கம்பெனிக்காரரான பெரிய முதலாளி போனில் கத்தினாராம். அப்புறம் ஊர் ஊராகப் பிள்ளைகள் வீட்டுக் கம்பளியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மதில் ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சிரித்துவிட்டாராம்.

எல்லாம் வேடிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆளோடு பழகுவது கஷ்டம். என் கொழுந்தனார் கல்யாணம் சித்திரை வெயிலில் நடந்தது. வாடகைக் கோட்டு, கழுத்தில் டை, மாப்பிள்ளை முழி பிதுங்கி நிற்கிறார். மொய்க்கவரோடு மேடை ஏறிய படக்காரர் கவரை என் கையில் திணித்துவிட்டு, நேராக மாப்பிள்ளையின் டையை உருவி, காலர் பொத்தானைக் கழற்றிவிட்டார். சபை மொத்தமும் பார்க்கிறது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “வெக்கத்துல முழிக்கறாருன்னு நெனச்சீங்களா? மூச்சு முட்டி முழிக்கறாருங்க” என்று மேடையிலிருந்தே சொன்னார். என் மாமனார் அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். நானும் ரொம்ப நாள் பேசவில்லை. சோப்பு டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கொழுந்தனார் மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆல்பத்தைப் பார்த்தால், காலர் திறந்த பிறகு எடுத்த படத்தில்தான் அவர் முகத்தில் சிரிப்பு.

ஏனுங்க இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். “சின்ன வயசுல எனக்கு எடுத்த சட்டையெல்லாம் எங்க அண்ணனுக்கு அளவெடுத்தது அம்மிணி. உடம்புல அவன் எனக்கு எளையவனாட்டம் இருப்பான்” என்றார்.

பெரிய முதலாளி காலமாகி, மலைக்கும் கேபிள் டிவி வந்தபிறகு, ஒரு சாயங்காலம் சின்ன முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். பட்டணத்தில் ஓவியம் படித்தவர். கெட்டவர் கிடையாது. என் டீயைப் பாராட்டினார், படக்காரர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பிள்ளைகள் புத்தகம் வாங்குவதில்லை, கட்டுக்கட்டாகத் திரும்பி வருகிறது. கம்பெனியின் பழைய நாயகர்கள் எல்லாருக்கும் புது வேஷம் போட்டு ஒரு சிறப்பிதழ் கொண்டுவரப் போகிறார். இளம் ஓவியர்களை வைத்து வரைந்தாகிவிட்டது. கம்பளிக்காரனுக்குத் தானே வரைந்திருக்கிறார். புது வேஷத்தில் அவனைப் படக்காரரே தொடர்ந்து வரையலாம், சரி என்றால் போதும்.

தாள்களை என் கடை பெஞ்சில் பரப்பினார். நான் சின்ன வயசிலிருந்து பார்த்த ஆட்கள், ஒருத்தனையும் அடையாளம் தெரியவில்லை. உடம்பு முழுக்கத் தசை தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. “தோலை உரிச்சுக் கொக்கியில மாட்டுன கெடாயாட்டம் இருக்குது” என்றார் படக்காரர். ஒருத்தனுக்கு இடுப்பில் தொடையில் மார்பில் என்று பார்த்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பை. “இவன் சண்டைக்குப் போறானா, சந்தைக்குப் போறானா?” இன்னொருத்தனுக்குத் தோளில் முள். “தோள்ல கை போட ஒரு நாதியில்லாதவன்.” சின்ன முதலாளி சிரித்துச் சமாளித்தார்.

கடைசிக்கு முந்தின தாளில் ஒரு பெண். ஊரைக் காப்பாற்றுகிறவள்தான், பழைய படத்தில் கால்சராயும் முழுக்கைச் சட்டையுமாகக் குதிரை ஏறுவாள். இப்போது அவள் மேல் இருந்த துணியை வைத்து ஒரு கைக்குட்டை தைக்க முடியாது. படக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் தாளின் மேல் விரித்தார். “பனி எறங்குது. பாவம், நிக்கிறா.”

அதற்கு அடியில் இருந்தது கம்பளிக்காரன். கம்பளி இல்லை. மூஞ்சியிலிருந்து பாதம் வரை ஒரே கறுப்பு. பளபளவென்று, எண்ணெயில் விழுந்த அட்டைப்பூச்சி மாதிரி. ஒரு கோடு, ஒரு மடிப்பு, ஒரு பொத்தான் கிடையாது.

“நல்லாத்தான் இருக்குது. இவன் ஒண்ணுக்குப் போறது எப்படிங்க?”

“அண்ணே, படத்துல யாரும் ஒண்ணுக்குப் போறதில்ல.”

“போறதில்லீங்க. ஆனா போக முடியோணும்.”

சின்ன முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தால் பிள்ளைகள் சீக்காளி என்று நினைக்கிறார்கள் என்றார். நாளைக்குச் சீக்குப்பாறையில் சிறப்பிதழ் அட்டைக்குப் போட்டோ எடுக்கப்போகிறோம், நிஜமாகவே தைத்துக் கொண்டுவந்திருக்கிறேன், போட ஓர் ஆளும் வருகிறான், வந்து பார்த்தால் உங்களுக்கே பிடித்துப்போகும் என்றார். படக்காரர் சோப்பு கேட்டார். அன்றைக்கு ரொம்ப நேரம் கழுவினார். தண்ணீரில் நுரை போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். கம்பளிக்காரன் கையை விட்டுப் போகப்போகிறான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் சோளக்காட்டுச் சந்தை. வேஷம் போட வந்த ஆள் அடிவாரத்து லாரி டிரைவர். கர்லாக்கட்டை சுற்றி உடம்பை ஏற்றியவன், இருபத்திரண்டு வயசிருக்கும், சிரித்த முகம். சின்ன வயசில் கம்பளி கட்டிக்கொண்டு கூரையிலிருந்து குதித்துக் கை ஒடிந்தவனாம். வளைந்த முழங்கையைப் பெருமையாகக் காட்டினான். பட்டணத்தில் தைத்த உடுப்புக்கு முதுகில் ஜிப் இருந்தது. போட்டுப் பார்த்தால் வெளிச்சத்தில் அந்தக் கோடு மினுக்கியது. படத்தில் கோடு இல்லையே, கோடு தெரியக்கூடாது என்று சின்ன முதலாளி நின்றார். வரைந்த மாதிரியே உடுப்பு இருக்க வேண்டும் என்று வந்துவிட்டால் வேறு என்ன வழி? ஆளை உள்ளே விட்டு, ஜிப்பைப் பிய்த்து, அப்படியே முதுகில் தைத்து, மேலே பட்டை ஒட்டச் சொன்னார்.

தைக்கக் கூப்பிட்டது நம் டைலர் பாயை. பாய் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உடம்பில் போட்ட துணியில் ஊசி போடக்கூடாது, எங்களிலும் ஆகாது, உங்களிலும் ஆகாது என்றார். டிரைவர் சிரித்தான். தைக்கும்போது வாயில் நூலைக் கடித்துக்கொண்டால் தோஷமில்லை என்று அவன் அம்மா சொல்வாளாம். ஒரு துண்டு நூலை வாங்கிப் பல்லில் வைத்துக்கொண்டு, “தைங்க பாய்” என்று முதுகைக் காட்டினான். பாய் தைத்தார். முகமூடியை இறக்கிக் கழுத்தோடு ஒட்டினார்கள். தைத்து முடித்ததும் பாய் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கத்திரியோடு குண்டூர்ப் பக்கம், படக்காரர் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

பாறையில் நான் டீ கொடுக்கப் போயிருந்தேன். டிரைவர் ஓடினான், குதித்தான், கையை விரித்துக்கொண்டு விளிம்பில் நின்றான். வெயில் ஏற ஏறப் பாறை அனல் கக்கியது. முகமூடியை மூக்குவரை தூக்கவும் முடியாது, கண் ஓட்டை வழியாக ஒரு குழலை விட்டாவது ஒரு வாய் தண்ணி குடி கண்ணு என்றேன். “வேண்டாங்கக்கா. காத்தாலயே முட்டிக்கிட்டு நிக்குது. குடிச்சா எங்க போறதுங்க?” என்று உள்ளேயிருந்து சொன்னான். அதற்கப்புறம் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்தார்கள். ஒரு மாதிரியா இருக்குதுங்க என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் ஓங்கரிக்கிற சத்தம். வாந்தி வெளியே வர வழியில்லை.

அந்த நேரத்தில் மேட்டில் ஏறி வந்தார்கள் படக்காரரும் பாயும். படக்காரருக்கு இழுப்பு, நெஞ்சு கொல்லன் துருத்தியாக ஏறி இறங்குகிறது. தோளில் அவருடைய பழைய கம்பளி. வந்து நின்ற மூச்சோடு கேட்டதுதான் அந்த வாசல் கேள்வி. அதற்குச் சின்ன முதலாளி சொன்ன பதிலையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சின்ன முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறப்பிதழ் வந்தது, கறுப்பு ரெக்ஸினில் புதுக் கம்பளிக்காரன் வந்தான். வேறு யாரோ வரைந்தார்கள். என் கடையில் ஒரு கட்டு போட்டுவிட்டுப் போனார்கள், பஜ்ஜி மடிக்கக்கூட மனசு வரவில்லை. தாள் வழுவழுவென்று எண்ணெயை இழுக்காது. படக்காரர் அப்புறம் ஜீப்புகளுக்குப் பெயர் எழுதினார், லாரிப் பின்பலகையில் மயில் வரைந்தார். சில வருஷம் கழித்து இழுப்பு அதிகமாகி மலையை விட்டு இறங்கிப் போனார். கம்பளிக்காரனை ஒரு தடவைகூட, வெறும் பென்சிலில்கூட, அவர் மறுபடி வரைந்து நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, “அவன் வேற ஊட்டுக்குப் போயிட்டான் அம்மிணி” என்றார்.

அன்றைக்குப் பாறையில் சின்ன முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னபோது, படக்காரர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால் கையை நீட்டினார். பாய் கத்திரியை வைத்தார். மண்டியிட்டு, டிரைவரின் தாடைக்குக் கீழே தன் இடது கை விரலைத் திணித்து, தோலுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே சந்து பண்ணி, கத்திரியின் மூக்கை அதில் விட்டார். தொண்டையிலிருந்து தொப்புள் வரை ஒரே வெட்டு. முகமூடியை மேலே பிய்த்தார். உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் அவர் கையிலும் வேட்டியிலும் கொட்டியது. போட்டோ எடுக்கிறவர் ஓடிப்போய்ப் புதரில் குமட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு தாளைத் தொட்டதற்கு முழங்கை வரை கழுவுகிற மனுசன், டிரைவரின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு வழித்தெடுத்து எறிந்தார். வழித்ததில் அந்த நூல் துண்டும் இருந்தது. பையன் கர்ரென்று மூச்சை இழுத்தான்.

ரெக்ஸினை இடுப்புவரை உரித்தபோது உடம்பு ஊறிப்போன மொச்சைக்கொட்டை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வெயிலிலேயே நடுங்க ஆரம்பித்தான். நான் பழக்க தோஷத்தில் சொம்புத் தண்ணீரையும் மடியிலிருந்த சோப்பையும் படக்காரரிடம் நீட்டினேன். அவர் சோப்பைப் பார்க்கவேயில்லை. சொம்பை வாங்கி டிரைவரின் வாயில் வைத்தார். “குடி சாமி. எல்லாம் போலாம், எங்க வேணா போலாம்” என்றார்.

பிறகு தன் கம்பளியை எடுத்து அவன் முதுகில் போர்த்தி, தொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். இடைவெளியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போயிற்று. இருந்தாலும் முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்.